சோடாவில் வெந்த ஜாவா

குமரேசன் கழியை விட்டு அண்டாவிலிருந்து தூக்கிப் பார்த்தபோது, வெள்ளி மாதிரி வந்திருக்க வேண்டிய இன்ஜின் மூடி அட்டைக்கரியாக வந்தது.

திரும்பவும் உள்ளே விட்டான். இன்னும் கொஞ்சம் வெந்தால் சரியாகிவிடும் என்று நம்பினான். பட்டு நூல் அப்படித்தானே ஆகிறது. வைக்கோல் மாதிரி முரடாக உள்ளே போகிற கச்சாப் பட்டு, சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட கொதிநீரில் பிசினெல்லாம் விட்டு, பளபளவென்று வெளியே வரும். சேவூரில் வீட்டுக்குப் பின்னாலேயே சாயப்பட்டறை வைத்திருக்கிறவனுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? நூலில் இருக்கிறது பிசின், இன்ஜினில் இருக்கிறது பிசுக்கு, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். சோடா பட்டால் அலுமினியம் கறுத்துப்போகும் என்று வீட்டில் பாத்திரம் கழுவுகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். இவன் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

பட்டறையில் வேலை செய்கிற சடையப்பன் எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணா அது, தோசைக்கல்லா?"

"ஜாவா இன்ஜின் மூடிப்பா."

"முன்னாடி இன்னா கலரு?"

"வெள்ளி."

சடையப்பன் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டான். அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது குமரேசனுக்கு.

ஜாவா அவனுடையது இல்லை. அவன் மாமனார் ஜெகநாதனுடையது. மனிதர் வாலிபத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அரக்குச் சிவப்பு மோட்டார் சைக்கிள். அதில்தான் பெண் பார்க்கப் போனார், அதில்தான் கல்யாணமாகி அபிதகுசாம்பாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். கொஞ்ச வருஷமாக அது மூலையில் கிடந்தது. இப்போது அறுபதாம் கல்யாணம் வருகிறது. "கோயில்ல தாலியக் கட்டிட்டு, நேரா உங்க அத்தைய ஜாவாவுல ஏத்திகினு ஊட்டுக்கு வருவேன். கார் கீர்னு எவனும் பேசக்கூடாது" என்று அவர் சொன்ன அன்றைக்கு, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை, மகளிடம் சொல்லி அனுப்பினாள். "வண்டிய சின்ன மாப்பிள்ளை ரெடி பண்ணட்டும்னு சொல்லு."

குமரேசனுக்குக் காது குளிர்ந்துவிட்டது. மூத்த மாப்பிள்ளை ஜெயச்சந்திரன் வேலூரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறவன். அவனை விட்டுவிட்டுத் தன்னை அத்தை கை காட்டினாளே! சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டில் குமரேசனுக்கு இருந்த பெயர் அப்படிப்பட்டது. தலைதீபாவளிக்குப் போன இடத்தில் ஃபேனைச் சரிபண்ணுகிறேன் என்று ஏறி, காற்றைக் கூரைக்கு அடிக்க வைத்தவன். போர் மோட்டாரைத் தொட்டு, தெருவுக்கே கரண்ட் இல்லாமல் செய்தவன். "சின்ன மாப்ள கை வச்சாரா?" என்பது அந்த வீட்டில் ஒரு கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. அந்தப் பெயரைத் துடைக்க ஒரு ஜாவா கிடைத்திருக்கிறது. இதையும் கோட்டை விட்டால் அந்த வாசற்படியை எந்த முகத்தோடு மிதிப்பது?

கறுத்த மூடியைச் சாக்கில் சுற்றி ஒளித்து வைத்தான். அந்த அவசரத்தில் அண்டாத் தண்ணீரைக் கொட்ட மறந்துபோனான்.

மறுநாள் சடையப்பன் அதே தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நினைத்துச் சூடு பண்ணி, நூலை இறக்கிவிட்டான். சாதாரண நூலா? அறுபதாம் கல்யாணத்துக்கு அத்தை கட்டப்போகிற புடவைக்கான நூல். மாம்பழ மஞ்சள் கேட்டிருந்தாள். நூல் சாம்பல் நிறத்தில், பெட்ரோல் பங்க் வாசனையோடு மேலே வந்தது.

"அண்ணா, தண்ணியில இன்னா போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலையே."

சொல்லும்போதே குமரேசனுக்கு முகம் சுட்டது. சாம்பலுக்கு மேல் மாம்பழ மஞ்சள் ஏறாது. அழுத்தமான சாயம்தான் ஏறும். சரி, அரக்காவது போடுவோம் என்று போட்டான். அது அரக்காகவும் வராமல், வெற்றிலை போட்டுத் துப்பிய நிறத்தில் வந்து நின்றது.

மனைவி தேவிப்ரியா நூலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது இன்னா கலருங்க?"

"அரக்கு மாதிரி."

"மாதிரியா?"

அவனுக்கு ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அதிலும் மாமனாரிடம் எதையும் மறைக்கவே வராது. அன்று மாலையே போய் நின்று, மூடி வெந்த கதை, நூல் வெந்த கதை எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்துவிட்டான். ஜெகநாதனுக்கு நூலைப் பற்றிக் கவலையில்லை.

"புடவை போவுது மாப்ள. வண்டி ஓடுமா?"

"ஓடும் மாமா."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தேவிப்ரியா உள்ளே போய்த் திரும்பி வந்தாள்.

"அந்தக் கலரே நல்லாத்தான் இருக்குதாம். மாப்பிள்ளை மனசக் கஷ்டப்படுத்திக்க வேணாமாம். வண்டி மெதுவா ஆவட்டும், அவசரமே இல்லையாம்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பான். இவ்வளவு அன்பாகச் சொன்னதில் அவன் கூனிக் குறுகிப்போனான். இப்படிப்பட்ட அத்தைக்கு நான் செய்கிற கைம்மாறு இதுதானா என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

அடுத்தது பெயிண்ட். கலர் கலக்குவதில் குமரேசனை மிஞ்ச ஆளில்லை, அதை அவனே பத்துப் பேரிடம் சொல்லுவான். பழைய டேங்கில் ஒரு ஓரத்தில் மிச்சமிருந்த அரக்குச் சிவப்பைப் பார்த்து, அதே நிறத்தைக் கலக்கினான். ஆனால் பட்டறைப் புத்தி எங்கே போகும்? ஈர நூலில் கறுப்பாகத் தெரிகிற சாயம், காய்ந்தால் வெளுக்கும். அதனால் எப்போதும் நாலு மடங்கு அழுத்தமாகவே கலக்குவது அவன் வழக்கம். டேங்குக்கும் அப்படியே அழுத்தமாக அடித்துவிட்டு, காயட்டும் என்று காத்திருந்தான். காய்ந்தது. வெளுக்கவில்லை. ஜாவா டேங்க் முற்றின கத்தரிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதைச் சுரண்டிவிட்டு, கொஞ்சம் இளசாக அடித்தான். வாடாமல்லி நிறம் வந்தது. அதற்குமேல் இன்னொரு பூச்சு அடித்தான். டேங்க் சேலைக்கரை மாதிரி கோடு கோடாக உரிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சகலை ஜெயச்சந்திரன் வந்து நின்றான். வாடாமல்லி டேங்கைப் பார்த்தான், கறுத்த மூடியைப் பார்த்தான், அத்தைக்காக அகலப்படுத்துகிறேன் என்று குமரேசன் பிரித்துப்போட்டிருந்த பின்சீட்டின் பஞ்சைப் பார்த்தான்.

"நல்லாப் பண்ணிகினு இருக்கீங்க சகல."

"கிண்டல் பண்ணாதீங்க. உங்க ஷெட்டுக்கு எடுத்துனு போயிடறீங்களா?"

"நான் அன்னிக்கே கேட்டேன். அத்தை கூடவே கூடாதுன்னுட்டாங்க. சின்ன மாப்பிள்ளைதான் பண்ணணும்னு ஒரே பிடிவாதம்." சொல்லிவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தான். "நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க. நல்லாப் போவுது."

இவ்வளவு நம்பிக்கையா தன்மேல்? குமரேசனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இல்லை, இந்த நம்பிக்கையைக் கெடுக்கக்கூடாது. மானம் போனாலும் பரவாயில்லை, வண்டி ஓடியே ஆக வேண்டும்.

பக்கத்து ஆரணியில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே எவனிடம் கொடுத்தாலும் சாயங்காலத்துக்குள் மாமனார் வீட்டுக்குச் சேதி போய்விடும். அதனால் வந்தவாசிக்கு அந்தப் பக்கம் தெள்ளாரில் இருக்கிற எல்லப்பன் என்கிற பழைய வண்டி மெக்கானிக்கை விசாரித்து வைத்துக்கொண்டு, இன்ஜினைக் கழற்றி, கறுத்த மூடியோடு சேர்த்து நூல் மூட்டை மாதிரி வேட்டியில் கட்டி, பஸ்ஸில் ஏற்றினான்.

கண்டக்டர் மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை.

"இன்னாய்யா இது?"

"பட்டு நூலுங்க."

"பட்டு நூலு ஆயில் உடுது?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தெரிந்த முகம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, குமரேசன் மூட்டைக்குக் கூடுதலாக ஒரு டிக்கெட் வாங்கினான். கால்செருப்பு எண்ணெயில் ஊற ஊற, வந்தவாசி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனான்.

எல்லப்பன் வாய்க்கொழுப்புப் பிடித்த ஆசாமி. மூட்டையைப் பிரித்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருங்க இத வேகவச்சது?"

"தெரியாதுங்க. ஒரு ஆளு."

"மெக்கானிக்கா அவன்?"

"இல்லைங்க. சும்மா, ஆர்வத்துல."

"அவன இனிமே வண்டிகிட்டவே உடாதீங்க. ஒரு சைக்கிளக்கூடத் தொடக்கூடாது அவன்."

"சொல்லிடறேங்க" என்றான் குமரேசன், தரையைப் பார்த்துக்கொண்டு.

எப்படியோ எல்லப்பன் மனசு வைத்தார். பழைய வண்டி ஒன்றிலிருந்து மூடி கிடைத்தது, இன்ஜின் உயிர் பெற்றது. தேவிப்ரியா அறுபதாம் கல்யாண வேலைக்காகத் தாய் வீட்டுக்குப் போயிருந்த பகலில், எல்லப்பன் சேவூருக்கே வந்து, பின்வாசல் வழியாகப் பட்டறைக்குள் நுழைந்து, இன்ஜினைப் பூட்டி, டேங்குக்கு அசல் அரக்குச் சிவப்பு அடித்து, பின் சீட்டையும் அகலமாகத் தைத்துவிட்டுப் போனார். சாயம் விற்க வந்த வியாபாரி என்று சடையப்பனிடம் சொல்லி வைத்திருந்தான் குமரேசன். அந்த வியாபாரி உடம்பெல்லாம் கிரீஸோடு போவதைச் சடையப்பன் பார்த்தான். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை குமரேசன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினான். "வண்டி ஆச்சாங்க?" என்று தேவிப்ரியா கேட்டபோதெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எங்க ஆவறது" என்றான். "உடுங்க, பரவால்ல, கார் சொல்லியாச்சு" என்று அவள் சந்தோஷமாகவே சொன்னாள். பாவம், எனக்காக எப்படி நடிக்கிறாள் என்று இவன் உள்ளுக்குள் உருகினான். எல்லாரும் அசந்துபோகிற மாதிரி அன்றைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறேனா இல்லையா பார் என்று சொல்லிக்கொண்டான்.

அறுபதாம் கல்யாணத்தன்று கோயிலில் தாலி கட்டி முடிந்தது. மாலையும் கழுத்துமாகத் தம்பதி வெளியே வந்தார்கள். வாசலில் கார் பூ ஜோடித்து நின்றது. மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். ஜெகநாதன் முகம் வாடிப்போய்க் காரை நோக்கி நடந்தார்.

அப்போது தெருமுனையிலிருந்து டப டப டப என்று ஒரு சத்தம். இரண்டு சைலன்சரிலும் நீலப் புகை விட்டுக்கொண்டு, அரக்குச் சிவப்பு மினுமினுக்க, குமரேசன் ஜாவாவை ஓட்டிக்கொண்டு வந்து காருக்கு முன்னால் நிறுத்தினான். மேளம் தானாக நின்றது.

ஜெகநாதன் டேங்கைத் தடவினார். சீட்டைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"மாப்ள, நீங்களா பண்ணீங்க?"

குமரேசனுக்கு எல்லப்பன் முகம் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வெட்கத்தோடு யோசித்தான். ஆனால் மாமனார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இறங்கு என்று சைகை காட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, மாலையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வண்டிய நான் கண்ண மூடிகினு ஓட்டுவேன். ஏறு அபிதா."

குமரேசன் குடும்பத்தைப் பார்த்தான். தேவிப்ரியா வெளுத்துப்போய் நின்றாள். ஜெயச்சந்திரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அடேயப்பா, ஒரு வண்டி ஓடினதற்கு இவ்வளவு மலைப்பா! ஃபேன், மோட்டார், வெந்த மூடி எல்லாம் இந்த நிமிஷத்தில் கரைந்துபோய்விட்டது என்று நினைத்தான். நிமிர்ந்து நின்றான்.

அத்தை வெற்றிலைத் துப்பல் நிறப் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். கணவர் தோளை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சாமி பேரை முணுமுணுத்தபடி ஏறி உட்கார்ந்தாள். பிறகு, தேவிப்ரியாவுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மகள் வழியாகச் சொல்லாமல், நேராகச் சின்ன மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பக்கத்துல வர்றது ஆளா மாடான்னே இவருக்குத் தெரியல, இனிமே வண்டியத் தொடவே கூடாதுன்னு கண்ணாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க மாப்ள, நாங்க சொன்னா கேக்க மாட்டாரு, நீங்க கை வச்சா எப்படியும் ஓடாதுன்னு நம்பித்தானே உங்ககிட்ட குடுத்தோம்."