ஒட்டகத்தை நடிக்கச் சொன்ன வீடியோ அண்ணை

கனடாவின் ஸ்கார்பரோவில் மணமுடித்த எந்தத் தமிழ்ப் பெண்ணும் கணவனின் முகத்துக்கு முன் வீடியோ அண்ணையின் முகத்தைத்தான் பார்த்திருப்பாள். மணவறைக்கும் ஐயருக்கும் நடுவில் கமராவோடு அவர்தான் நிற்பார். என் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த பிறகு, பூமாலை மறைத்துவிட்டது என்று இன்னொரு தரம் கட்டச் சொன்னார். ஐயர் உறைந்துபோனார். எந்தத் தரம் கட்டியது செல்லும் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. விரலால் காட்டுவான், "ம்" என்பான், அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், புதிய இடங்களைக் காட்டுங்கள் என்றார். கடலும் ஒட்டகமும் பழைய கோட்டையும் ஒரே ஊரில் கிடைக்க வேண்டுமென்று தேடி, போன கோடையில் துனீசியாவின் ஹம்மமெத் கடற்கரைக்குப் புறப்பட்டோம். பயிற்சிப் பெண் பக்கத்துப் பூங்காவைச் சொல்லியிருப்பாரோ என்ற சந்தேகம் விமானத்தில் ஏறிய பிறகுதான் வந்தது.

அதே விமானத்தில் வீடியோ அண்ணை இருந்தார்.

"உங்கடை அவர்தான் வரச் சொன்னவர், தங்கச்சி. கலியாணம் நான் எடுத்தது, தம்பியின்ரை பிறந்தநாளும் நான் எடுத்தது. உதை மட்டும் விடேலுமோ? அங்கை வெளிச்சமும் சும்மா கிடைக்கும்."

கணவர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே மேகம் பார்த்தார்.

முதல் நாள் காலை, ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு ஜெர்மன் ஜோடியை எழுப்பி, ஒருவருக்கொருவர் கேக் ஊட்ட வைத்தார் அண்ணை. அவர்கள் அக்காவும் தம்பியும் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அதன்பின் அந்த மேசைப் பக்கம் போகவேயில்லை.

ரோமர் சிங்கங்களை அவிழ்த்துவிட்ட எல் ஜெம் அரங்குக்குப் போனோம். அந்தப் பெரிய வாசலைக் கண்டதும், மாப்பிள்ளை அழைப்புக்கென்றே கட்டியிருக்கிறார்கள் என்றார் அண்ணை. கணவரைத் திரும்பத் திரும்ப உள்ளே நடக்கவிட்டார். வழிகாட்டி சிங்கக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கணவருக்குக் குடை பிடித்தார். பழைய நகரத்துச் சந்தில் ஒரு நீலக் கதவின் முன் அண்ணை எங்களை நிறுத்தினார். கதவைத் திறந்து வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தாள். பள்ளியில் படித்த பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்க நான் சொல் தேடுவதற்குள், அவளும் எங்கள் குடும்பப் படத்தில் சேர்ந்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மகன் "ம்" என்றான்.

கடைசி நாள் கடற்கரையில் ஒட்டகம். அது கடலைப் பார்த்தபடி நின்றது, அண்ணைக்கு முகம் வேண்டும். கமராவை நிறுத்தி மணலில் வைத்துவிட்டு, மணமகளின் நாடியைத் திருப்புவதுபோல ஒட்டகத்தின் நாடியைத் திருப்பப் போனார். அது அவருடைய ஓலைத் தொப்பியைக் கவ்வி மெல்லத் தொடங்கியது.

என் இடுப்பிலிருந்த மகன், செய்தி வாசிப்பவர்போல நிதானமாகச் சொன்னான்:

"ஒட்டகம் தொப்பி தின்னுது."

கணவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணை கீழே கிடந்த கமராவைப் பார்த்தார்.

"ராசா, ஒருக்காத் திரும்பச் சொல்லடா."

மகன் வாயை இறுக்கிக்கொண்டான். அண்ணை ஓடிப்போய்ப் புதுத் தொப்பி வாங்கிவந்து ஒட்டகத்திடம் கொடுத்தார். அது தின்றது. மகன் பேசாமல் பார்த்தான். அடுத்த தொப்பிக்கு ஓடியவரை நான்தான் மறித்தேன்.

"காணும் அண்ணை. அவன் கதைச்சிட்டான்."

"ஊரிலை உள்ள எல்லாற்றை தாலியும் எடுத்தனான், தங்கச்சி. உதை விட்டிட்டன்."

அன்று அவர் சாப்பிட வரவில்லை.

ஊர் திரும்பி, பனி கொட்டத் தொடங்கியபோது பயணப் படம் வந்தது. ஒட்டகம் தெரிகிறது, பிறகு திரை கறுப்பு. அடுத்து, எங்கள் ஊர்ப்பக்கம் மில்லிக்கனில் அவருடைய வீட்டுக்குக் கீழே உள்ள பேஸ்மென்ற். கோட் போட்டு, தலை வாரி இழுத்து, கமராவுக்கு முன்னால் வீடியோ அண்ணை. இத்தனை வருடங்களில் தன் படம் ஒன்றிலும் தலைகாட்டாத மனிதர்.

"தம்பி, நீ முதன்முதல் கதைச்சது, இப்ப திரை கறுத்த இடத்திலை. நான் எடுக்கேல்லை. ஆனா, கேட்டனான்."

மகன் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறான். படத்தில் கடலும் அரங்கும் அழகாகத்தான் இருக்கின்றன. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நிற்கும் அந்த இடத்தைத்தான்.