அம்மாவின் வலது காது

லென்ஸுக்கும் ஊறுகாய்க்கும் எதிரி ஒன்றுதான்: ஈரம். ஊறுகாயைக் காப்பாற்ற அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. லென்ஸைக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. (தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

அப்போது எனக்குப் பூச்சிப் பைத்தியம். எறும்பின் மீசையைப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்க, பத்திரிகைச் சம்பளம் போதாது. அதனால், இருந்த ஒரே லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் மலிவான க்ளோஸ்-அப் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். பூதக்கண்ணாடி மாதிரிதான். மாட்டினால் ஒரு சாண் தூரத்தில் இருப்பது துல்லியமாகத் தெரியும். அதற்கு அப்பால் ஆனைமலையே நின்றாலும் மங்கல். வால்பாறை மழையில் அட்டைகளைப் படமெடுத்துவிட்டுத் திரும்பியவன், மூடியாகவும் இருக்கட்டும் என்று அதைக் கழற்றாமலே, சென்னிமலைப் போர்வையில் சுற்றி பீரோவில் வைத்தேன். பாதுகாப்பாம்.

கருமத்தம்பட்டி வீட்டில் அப்பா அம்மாவின் கல்யாண நாள் வந்தது. மருந்து இனி கேட்காது என்று அம்மாவுக்கும் தெரிந்திருந்த சமயம்.

“ஆதார் கார்டுல திருடியாட்டம் இருக்கறேன் கண்ணு. நாளைக்கு மாலை போடறதுக்கு ஒரு நல்ல போட்டோ எடுத்துக் குடு.”

பட்டுச்சேலை கட்டி வந்து உட்கார்ந்தார். செல்போனை நீட்டிய சொந்தக்காரர்களை அதட்டினேன். (பத்திரிகைக்காரன் இருக்கும் இடத்தில் செல்போனா?) போர்வையைப் பிரித்தால், க்ளோஸ்-அப் கண்ணாடி லென்ஸோடு இறுகிக் கிடந்தது. திருகினேன். துண்டைச் சுற்றித் திருகினேன். மாமா எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க மாப்ள, தறி ரிப்பேருக்கு வெச்ச பைப் ரிஞ்சு ஊட்டுல கெடக்குது. கொண்டாரட்டுங்களா?”

“ஊறுகா பாட்டில் மூடியே இவனுக்குத் தொறக்க வராதுங்கண்ணா,” என்றார் அம்மா. சிரித்ததில் இருமல் வந்து களைத்துப் போனார். “கெடைக்கறத எடு சாமி. முதுகு வலிக்குது.”

ஒரு சாண் தூரத்துக்குப் போனேன். வலது காதும் தோடும் மட்டும் படத்தில் விழுந்தன. அதட்டியவர்களிடமே செல்போனைக் கேட்கக் கௌரவம் விடவில்லை. அம்மா படுக்கப் போனார். அதன்பிறகு எழுந்து உட்காரவில்லை.

காரியத்துக்கு ஆதார் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். மறுநாள் அந்தக் கண்ணாடியைச் சும்மா தொட்டேன், கழன்று வந்தது. இப்போது லென்ஸ், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. கண்ணாடி தனி டப்பாவில்.

காதுப் படத்துக்கு அப்பா ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் விழிப்பார்கள்.

“இத்தனை வருசமா நான் பேசுனதெல்லாம் இந்தக் காதுலதானுங்க,” என்பார்.

அவர் பேசும்போது யாராவது செல்போனைப் பார்த்தால், இப்போதும் சுவரைக் காட்டுகிறார்:

“நீ கேக்காட்டிப் போ. அவ கேட்டுக்குவா.”