எந்தவகை அக்கா வாங்கிய டோக்கன்

பிள்ளைகளே, "ஏதோ ஒன்று" என்ற பேச்சையே இந்த உலகத்திலிருந்து துரத்தப் பிறந்தவர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் எந்தவகை அக்காதான். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது.

நான் அங்கே ஃபைல் தூக்குகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா கோடிங் செக்‌ஷன். டாக்டர் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. அதைத் தேடிப் போடுவது அவர் வேலை. இதயம் தாளம் தப்புவதில் மட்டும் எத்தனையோ வகை. மேல் அறை நடுங்குவது ஒன்று, கீழ் அறை முந்திக்கொள்வது ஒன்று, வந்து வந்து போவது, வந்து தங்கிவிடுவது. எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். வகை தெரியாவிட்டால் போட, "குறிப்பிடப்படாதது" என்று கடைசியில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை அக்கா செருப்பைப் போல வாசலுக்கு வெளியேதான் வைத்திருந்தார்.

கேன்டீனில் "டீ வேணுமாக்கா?" என்று கேட்க முடியாது.

"எந்த வகை?"

"டீதான்க்கா."

"இஞ்சியா, ஏலக்காயா, காலைல போட்டதா?"

பச்சைப் பட்டுப்புடவை எடுக்கப் போனவர், "பச்சைன்னா எந்த வகை?" என்று கேட்டுக் கேட்டு, சாயங்காலத்துக்குள் கடைக்காரருக்கே பச்சை எது, நீலம் எது என்று சந்தேகம் வரவைத்துவிட்டார்.

போன வருஷம் நீங்கள் ஸ்கூலில் இருந்தபோது, எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, ஃபைலோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள். பெரிய டாக்டர் என் ஃபைலில் எழுதியது ஒரே வரி: இதயத் துடிப்பு சீராக இல்லை.

"இது எந்த வகை?" என்றார் அக்கா.

"கடைசி நம்பரைப் போட்டு பில் செக்‌ஷனுக்கு ஜல்தியா அனுப்பும்மா, பேஜார் பண்ணாத," என்றார் மேனேஜர். "இல்லன்னா ஈசிஜி பேப்பர்ல மிஷினே வகைய அச்சடிச்சிருக்கே, அதப் போடு."

"மிஷின் டாக்டருக்குப் படிக்கல சார். டாக்டர் எழுதினாத்தான் போடுவேன்."

அந்த வேலையின் சட்டமே அதுதான். எண் போடுகிறவர் தானாக ஊகிக்கக் கூடாது. எந்த வகை என்று கேட்டு அக்கா டாக்டருக்கு மூன்று சீட்டு அனுப்பினார். நான்தான் கொண்டுபோனேன். மூன்றாவது சீட்டை வாங்கி டாக்டர் அதாலேயே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மதியம் அக்காவுக்கு மெமோ வந்தது. ஐந்து மணிக்குள் ஃபைல் போகாவிட்டால் திங்கட்கிழமை முதல் வேலை இல்லை, காரணம், ஒழுங்கீனம். அதன் அடியிலேயே "எந்த வகை ஒழுங்கீனம்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

நான் அவர் மேஜைக்கு ஓடினேன். "அக்கா, எதனா போட்டு அனுப்புங்க. என் நெஞ்சுதானே, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"உன்ன யாரு கேட்டா? நீ பேஷன்ட்டு. ஓரமா நில்லு."

நேராகப் போய், அந்த டாக்டரைப் பார்க்க வந்த நோயாளிகளோடு வரிசையில் நின்று டோக்கன் வாங்கினார். அறுபத்து மூன்று. பக்கத்தில் படவேடு கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர்.

"உனக்கு இன்னாம்மா நோவு?"

"எனக்கில்ல பெரியவரே, ஃபைலுக்கு."

பெரியவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

முறை வந்தபோது ஐந்தாகப் பத்து நிமிஷம். டாக்டர் நிமிராமலே, "இன்னாம்மா பண்ணுது?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணல சார். நீங்க எழுதின வரிக்குத்தான் உடம்பு சரியில்ல."

வாசலில் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாருகிட்ட பேசிகினு இருக்கன்னு தெரியுதா?"

"தெரியும் சார். எழுதத் தெரிஞ்சவர்கிட்ட. தெரியாதவரா இருந்தா அப்பவே உட்டுட்டுப் போயிருப்பேன்."

டாக்டர் ஃபைலைப் பிடுங்கினார். திட்டுவதற்காகத்தான் ஈசிஜி தாளை விரித்தார். விரித்தவர் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு, மேல் அறை நடுக்கம், வந்து வந்து போகும் வகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குரல் இறங்கியிருந்தது. "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எழுதியிருக்கணும் இவனுக்கு. எங்க அவன்?"

நான் வாசலிலிருந்தே கையைத் தூக்கினேன்.

ஃபைல் போனபோது ஐந்து பத்து. மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினார்.

"பாத்தேன் சார். திங்கக்கிழம வருவேன்," என்றார் அக்கா.

வந்தார். ஒன்பது மணிக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போகச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

தினமும் அந்த மாத்திரையை விழுங்கும்போது எனக்கு அக்காவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தண்ணீர்ச் சொம்போடு நிற்கும் உங்கள் அம்மாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். சொம்பை நீட்டும்போது அவளுக்கும் அக்காவின் முகம்தான் முதலில் வருமாம்.