பதினான்காவது ஸ்லைடு

ஒரே நேரத்தில் பல இடங்களில் தோன்றும் ஆற்றல் முற்காலத்தில் சித்தர்களுக்கு இருந்ததாகச் சொல்வார்கள். இக்காலத்தில் அது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அரசாணை மூலம் வழங்கப்பட்டுள்ளது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பவர் அவரே. குடற்புழு மாத்திரை கொடுத்ததைப் படம்பிடித்து ஏற்றுபவர் அவரே. மரக்கன்று நட்டு, அது பட்டுப்போனால் விளக்கம் எழுதுபவரும் அவரே. எஞ்சிய நேரத்தில் அவர் பாடம் நடத்துவதை எந்த அலுவலகமும் தடைசெய்ததில்லை.

உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் இப்பெரும்பேற்றை அனுபவித்துவந்தவர் இளவரசி டீச்சர். அவருக்கு இருந்த குறை ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பு எழில், நடவு தொடங்கியதிலிருந்து பள்ளிக்கு வராமல் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள். அவளுடைய அக்காவும் இப்படித்தான் ஒரு நடவுக்கு நின்றாள். பிறகு வரவே இல்லை. இன்னும் சில நாள் விட்டால் எழிலும் அவ்வளவுதான் என்பது டீச்சருக்குத் தெரியும்.

ஆகவே, மதிய உணவு வேளையில் பிள்ளைகளைச் சத்துணவு அமைப்பாளர் சுதாவிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தார். அதே வேளைக்குத்தான் ஒன்றிய அலுவலர் மோகன்குமார் கைப்பேசி வழியே அவசரக் கூட்டம் கூட்டியிருந்தார். தலைப்பு: ‘இடைநிற்றலைத் தடுக்கும் உத்திகள்’. கடமை தவறாத டீச்சர், கூட்டத்தையும் கைப்பைக்குள் வைத்து உடன் அழைத்துச் சென்றார்.

ஏரிக்கரையை ஒட்டிய கழனியில் எழிலின் தாய் சொக்கம்மாள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். வரப்போரப் புங்கமர நிழலில் எழில், இடுப்பில் தம்பி.

“இன்னா டீச்சர், இந்த வெயில்ல வந்துகினு கீறீங்க?”

“எழிலைக் கூட்டிட்டுப் போக வந்தேன், சொக்கம்மா.”

“அவ வந்துட்டா இவன யாரு பாக்கறது? பால்வாடில வுட்டா, அக்கா அக்கான்னு ஊரையே கூட்டறான்.”

அப்போது கைப்பை பேசியது. “இளவரசி டீச்சர், கேமராவ ஆன் பண்ணுங்க!”

டீச்சர் பணிந்தார். ஒன்றியத்தின் ஆசிரியர்கள் அனைவரும் திரையில் சேற்றைத் தரிசித்தனர்.

“என்ன டீச்சர் இது? பின்னாடி ஒரு அம்மா சேத்துல நிக்கிறாங்க. மீட்டிங்குக்கு ஒரு மரியாதை வேணாமா?”

“ஐயா, அவங்கதான் இடைநிக்கப்போற பொண்ணோட அம்மா. பேசிட்டிருக்கேன்.”

“சம்பந்தமில்லாததை இப்ப எடுக்காதீங்க. பெற்றோர் பதினாலாவது ஸ்லைடுலதான் வர்றாங்க. நாம இன்னும் மூணுலதான் இருக்கோம்!”

சொக்கம்மாள் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். “யாரு டீச்சர் இது, இந்தக் கத்து கத்திக்கினு கீறாரு?”

“எங்க ஆபீசர். எழில் ஸ்கூலுக்கு வரணும்னு சொல்றார்.”

“அப்ப அவர வந்து புள்ளயத் தூக்கிக்கச் சொல்லுங்க!”

கூட்டத்தில் அதுவரை முன்வைக்கப்பட்ட உத்திகளுள் நடைமுறைக்கு உகந்தது இது ஒன்றே. அலுவலரோ அதைக் குறித்துக்கொள்ளாமல், “யார் மைக் ஆன்ல இருக்கு?” என்று மட்டும் வினவினார். டீச்சர் மைக்கையும் கேமராவையும் அணைத்தார்.

“தம்பியும் வரட்டும், சொக்கம்மா. அக்கா பக்கத்துலயே உக்காரட்டும். சாயந்தரம் ரெண்டு பேரையும் நானே வண்டியில கொண்டாந்து விடறேன்.”

“கிளாஸ்ல ஒரே பேஜார் பண்ணுவான் டீச்சர்.”

“பண்றவங்க அங்க நெறைய பேர் இருக்காங்க. இவனும் சேர்ந்துக்கட்டும்.”

சொக்கம்மாள் சிரித்துவிட்டார். “நடவு முடியறவரைக்கும் தெனிக்கும் இட்டுகினு போவீங்களா?”

“போவேன்.”

எழில் தம்பியோடு பின்னிருக்கையில் ஏறினாள். வண்டி பள்ளி வாயிலில் நுழைந்தபோது, கைப்பைக்குள் பதினான்காவது ஸ்லைடு முழங்கியது: “ஆசிரியர்கள் பெற்றோரை நேரில் சந்திக்க வேண்டும்.”

அன்று பிற்பகல் தம்பி கரும்பலகைக்குக் கீழே உறங்கினான். எழில் உரக்கப் படித்தாள். விதிப்படி டீச்சர் அதைப் படம்பிடித்துச் செயலியில் ஏற்றினார்.

மாலையில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, அனைவருக்கும்: ‘இன்றைய கூட்டத்தின் உடனடிப் பயனாக, எழில் என்னும் மாணவி மீட்கப்பட்டார். ஒன்றிய அலுவலருக்குப் பாராட்டுகள்.’

இரண்டாவது, இளவரசி டீச்சருக்கு மட்டும்: ‘மேற்படி மாணவி மீட்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், தாங்கள் கேமராவை அணைத்துவிட்டு எங்கே சென்றிருந்தீர்கள்? விளக்கம் தருக.’