பையைத் திறந்து காட்டாத கதாநாயகர்கள்

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பளவில் நலம்தான், அதில் பொய் இல்லை. அங்கு நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? போன தடவை வந்தபோது வலி தாங்கவில்லை என்று உட்கார்ந்தவர், சாப்பாடு தயார் என்றதும் எழுந்து வந்த வேகத்தைக் கவனித்தேன். எதுவும் கேட்கவில்லை. அது உங்கள் குடும்ப விஷயம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் வீட்டில் காதில் விழும். இந்த வீட்டில் யார் பேசுவது எங்கே நின்றால் கேட்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஏனென்றால் அப்படி நின்று கேட்கிறவன் பெரும்பாலும் நான்தான்.

விஷயம் உன் மருமகளைப் பற்றியது, அதாவது என் மகளைப் பற்றியது. கல்லூரியில் வரலாறு படிக்கிறாள், கடைசி வருடம். நல்ல மார்க் வாங்குகிறாள், ஆசிரியர்கள் புகழ்கிறார்கள், சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அதுவே எனக்குக் கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அவளுடைய பேராசிரியை அவளை அகழாய்வுக்கு அழைத்துப் போகப் போகிறாராம். எங்கோ வறண்ட பூமியில் கூடாரம் போட்டுத் தங்கி, மாதக் கணக்கில் மண்ணைத் தோண்டுவார்களாம். வீட்டில் சம்மதித்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். வீடு என்றால் நான்தான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, “யோசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவளைக் கண்காணித்து வருகிறேன். நீ வந்து, “போக வேண்டாம்” என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் காரணம் கேட்பாள்.

காரணம் என்னவென்றால், அவள் சினிமா பார்க்கிறாள்.

சிரிக்காதே. ஊரார் பார்க்கிற சினிமா இல்லை இது. காட்டுக்குள் ஒரு பாழடைந்த கோயில் இருக்கும், இல்லையென்றால் பாலைவனத்துக்குக் கீழே ஒரு ராஜாவின் கல்லறை, அதுவும் இல்லையென்றால் தண்ணீருக்குள் மூழ்கிய நகரம். முகத்தைச் சவரம் செய்யாத ஒருவன் தீப்பந்தத்தோடு உள்ளே நுழைவான். சுவரில் கை வைப்பான், சுவர் நகரும். தரையில் கால் வைப்பான், அம்பு பறக்கும். கடைசியில் பீடத்தில் இருக்கிற பொருளை எடுப்பான், கட்டடமே இடிந்து விழும், இவன் மட்டும் வெளியே ஓடிவந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்பான். அக்கா, நீ ஒன்றைக் கவனித்திருக்கிறாயா? இத்தனை படங்களில் ஒருவனாவது வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டியிருக்கிறானா?

நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். அந்தப் பெரிய கடையின் வெளிவாசலில் நின்று பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. கடையில் ஒருத்தரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘பையைத்திற’ என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளரே “பையைத்திற வந்தாச்சா?” என்றுதான் விசாரிப்பார். ஓய்வு பெற்ற அன்று விசில், டார்ச் எல்லாவற்றையும் திருப்பி ஒப்படைத்தேன், சட்டையில் குத்துகிற ‘பாதுகாப்பு’ பேட்ஜை மட்டும் அவர் “நீங்களே வெச்சுக்கோங்க” என்று கொடுத்துவிட்டார். அது என் அலமாரியில் ஆணியில் தொங்குகிறது. அந்த வாசலில் நின்று நான் கற்றுக்கொண்ட பாடம் இது: ஒரு சாமானைக் கையில் எடுத்து, “சே, மட்டமான சரக்கு” என்று நாலு பேர் கேட்கச் சொல்லி வைத்துவிட்டுப் போய், மறுபடியும் அதே அலமாரிப் பக்கம் வருகிறவர் இருக்கிறாரே, அவர்தான் அதைத் தூக்கப்போகிறவர்.

உன் மருமகள் அதையேதான் செய்கிறாள்.

“எல்லாம் புளுகுப்பா. சுவர்ல இருக்கிற எழுத்து ஒரு நாட்டோடது, தூண் வேற ஒரு நாட்டோடது. ரெண்டுக்கும் நடுவுல ஆயிரம் வருஷம். நம்ம ஃப்ரிட்ஜுக்குள்ள கல் கோடாரி இருக்கிற மாதிரி” என்று என்னிடம் சொன்னாள்.

“அப்புறம் எதுக்குப் பார்க்கிறே?”

“நல்லா இருக்குப்பா!”

குற்றவாளி பேசுகிற பேச்சா இல்லையா, நீயே சொல்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. “அத்தனை வருஷமா அந்தக் கயிறு மக்கிப்போகலையாடா?” என்று யாரையோ அதட்டுகிறாள், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “தொடாதே, தொடாதே, பாவி, தொட்டுட்டியா?” என்று கத்துகிறாள். அப்புறம் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இருந்தால் கூடப் பொறுத்துக்கொள்வேன், சத்தம் இல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஸ்டூல் போட்டு ஏறி, கதவுக்கு மேலே இருக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படத்தில் பெரிய கல் கதவு ஒன்று திறந்து உள்ளே வெளிச்சம் பரவுகிறது, மூழ்கிப்போன நகரம் தெரிகிறது. இவள் வாயில் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது, முகம் மட்டும் முதல் தடவை பார்க்கிற சின்னப்பிள்ளை முகமாக இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் என் மனைவி, பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்தாள்.

“ஸ்டூல் மேல என்னங்க பண்றீங்க?”

“பல்பு மாத்தறேன்.”

“பல்பு அந்தப் பக்கம்ல இருக்கு?”

இறங்கிவிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். “பொண்ணு சந்தோஷமா சிரிக்கிறா. அதுல என்னங்க கேஸ்?” என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். தினமும் வாயைத் திறந்து காட்டுகிறவர்களையே பார்க்கிறவள் அவள். மூடி வைத்திருப்பதைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்றும் விசாரித்துவிட்டேன். பள்ளி விடுமுறைக்கு அவளை உன் வீட்டில் விட்டிருந்தபோது முதல் படத்துக்கு அழைத்துப் போனவள் நீ. என்னிடம் “பார்க்குக்குப் போனோம்” என்றாய். பார்க்குக்குப் போய்வந்த குழந்தை, “அப்பா, ராஜா செத்ததுக்கப்புறமும் சாபம் வேலை செய்யுமா?” என்று கேட்குமா? அன்றைக்கே உன்மேல் ஒரு கண் வைத்துவிட்டேன். கூடப் பிறந்தவள் என்பதால் வெளியில் சொல்லவில்லை.

சரி, இத்தோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கிறாள்: “அப்பா, ஒரு பெரிய பொருளை வெளியே கொண்டுபோகணும்னா, வாசல்ல உங்களை எப்படி ஏமாத்தப் பார்ப்பாங்க?” எனக்குப் புரை ஏறிவிட்டது. பிறந்ததிலிருந்து என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்காத பெண்! துண்டில் சுற்றுவது, குழந்தை வண்டியில் வைப்பது, வயிற்றில் கட்டிக்கொள்வது என்று அவள் கேட்கக் கேட்க நானும் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லித் தொலைத்தேன். யாராவது ஆசையாகக் கேட்டால் நமக்கும் வாய் நிற்க மாட்டேன் என்கிறதே. ராத்திரி படுத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. வாரா வாரம் இவள் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பானை ஓடுகளைத் துடைத்துப் பழகுகிறாள்!

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனதும் அவள் அலமாரியைத் திறந்தேன். ஸ்வெட்டர்களுக்குப் பின்னால் துண்டில் சுற்றியபடி இருந்தது அக்கா, ஒரு கல் மீன். முழங்கை நீளம். ஒரு கண் சிதைந்திருந்தது, செதில்களுக்கு நடுவே பாசி. வாலில் அருங்காட்சியகத்தில் கட்டுவது போலவே எண் போட்ட ஒரு சீட்டு.

மறுபடி துண்டில் சுற்றி வைத்து அலமாரியைச் சாத்தினேன். கடை வாசலில் நான் பிடித்துக் கொடுத்தவர்களில் சின்ன வயசுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய அப்பாக்கள் வந்து மேலாளர் அறைக்கு வெளியே நிற்பார்கள். உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டார்கள். அந்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. நான் போலீசுக்கும் போகவில்லை, அவளிடமும் கேட்கவில்லை, பெண்டாட்டியிடமும் மூச்சு விடவில்லை. யாருக்கும் தெரியாமல் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆமாம், என் சர்வீஸில் நான் யாருக்கும் காட்டாத சலுகைதான். திட்டாதே.

சனிக்கிழமை காலையில் துண்டுக்குள் என் பழைய செருப்பைச் சுற்றி வைத்துவிட்டு மீனை எடுத்துக்கொண்டேன். மத்தியானம் அவள் வெளியே போன பிறகு அதைக் காய்கறிப் பையில் வைத்து, மேலே ஒரு சட்டையைப் போட்டு மூடிக்கொண்டு போனேன். உள்ளே நுழையும்போது ஒருவரும் பையைச் சோதிக்கவில்லை. மட்டமான நிர்வாகம். மாடியில் கல் சாமான்கள் இருக்கிற கூடத்தில், ஒரு உரலுக்கும் தலையில்லாத ஒரு சிலைக்கும் நடுவே இடம் காலியாக இருந்தது. மீனை வைத்து, வாலை நேராகத் திருப்பி, ஓரடி பின்னால் வந்து பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

“என்ன சார் பண்றீங்க?”

காக்கிச் சேலையில் காவல்கார அம்மா. நின்ற தோரணையைப் பார்த்ததுமே தொழில் தெரிந்தவர் என்று புரிந்துவிட்டது.

“சும்மா பார்த்துட்டு இருக்கேன்மா.”

“எடுக்க வந்தவங்களைப் பிடிச்சிருக்கேன். வைக்க வந்தவரை இப்பத்தான் பிடிக்கிறேன். பையைத் திறங்க.”

அக்கா, அந்த வார்த்தையை என்னிடம் ஒருவர் சொல்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. “நானும் இதே வேலை பார்த்தவன்தாம்மா” என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதனால் மேலே பேசவில்லை. பைக்குள் ஒரு சட்டையும், ஜன்னல் அகலத்தை அளக்க நான் எடுத்துப்போன டேப்பும் இருந்தன. டேப் எதற்கு என்று கேட்டார். மகள் எந்த ஜன்னல் வழியாகக் கடத்தியிருப்பாள் என்று பார்க்கத்தான் என்று எப்படிச் சொல்வது? ஒரு கையில் மீனும் மறு கையில் என் முழங்கையுமாக என்னைக் கீழே அழைத்துப் போனார். அதிகாரிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்களாம்.

கீழே கூட்டம் நடக்கிற ஹாலில் கதவைத் திறந்தால், மேடையில் உன் மருமகள்! பின்னால் பெரிய திரையில் அந்தச் சவரம் செய்யாதவன் கையில் ஒரு கல் மீனோடு பாதி ஓட்டத்தில் நிற்கிறான். முன்வரிசையில் பேராசிரியை, பின்னால் மாணவர்கள், பொதுஜனங்கள். பழங்கால நாகரிகங்களை வைத்து எடுத்த சினிமாக்களில் எது நிஜம் எது கதை என்று படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்கிற கூட்டமாம். இவள்தான் பேச்சாளராம். பேச்சு நடுவில் காட்டுவதற்காகப் பிளாஸ்டரில் செய்து, டீத்தண்ணீரில் ஊறவைத்து, பச்சைப் பெயின்ட் பூசி வைத்திருந்த மீனைத் துண்டுக்குள் காணாமல் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

“மேடம், இவர் இதைக் கொண்டுவந்து மாடியில வெச்சுட்டு இருந்தார்” என்றார் காவல்கார அம்மா.

மகள் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் முழங்கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் ரத்தம் இல்லையா?

“அவர் எங்கப்பா” என்றாள். அப்புறம் சபையைப் பார்த்துப் பேசினாள். “இவ்வளவு தப்பு இருந்தும் இந்தப் படமெல்லாம் உனக்கு ஏன் பிடிக்குதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. அந்தக் கல் கதவு திறக்கும்போது ஒரு வெளிச்சம் வருதே, அதைப் பார்த்துத்தான் நான் வரலாறு படிக்க வந்தேன். ஆனா கடைசியில இவன் பொருளைத் தூக்கிட்டு ஓடும்போது எனக்கு அடிவயிறு எரியும். எங்கப்பா ஒரு கடை வாசல்ல நின்னு பை பார்த்தவர். அந்தக் கோயில் வாசல்ல எங்கப்பா மாதிரி ஒருத்தர் நின்னிருந்தா படம் அங்கேயே முடிஞ்சிருக்கும். கோயிலும் இடியாம நின்னிருக்கும். பாருங்களேன், நான் செஞ்ச பொம்மைன்னு தெரியாம, பெத்த பொண்ணே எடுத்துட்டான்னு நினைச்சும், திருப்பிக் கொண்டுவந்து வெச்சுட்டார்.”

கை தட்டினார்கள். காவல்கார அம்மா என் முழங்கையை விட்டுவிட்டு, “எந்தக் கடைல சார் இருந்தீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பழைய சாமான்கள் இருக்கிற இடம், தூசி ஜாஸ்தி.

ஆனால் நான் ஏமாறுகிற ஆள் இல்லை. அகழாய்வுக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய கெடு நெருங்கும்போது ஊரார் முன்னால் என்னை எதற்கு இப்படிப் புகழ வேண்டும்? வாசலில் சிரித்துப் பேசுகிறவர்களின் பையைத்தான் நான் இரண்டு தடவை பார்ப்பேன். அதனால் என் கோரிக்கையில் மாற்றம் இல்லை, நீ வந்து வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். உன்னிடம் மறைப்பானேன், கூடாரத்துக்குக் கதவு கிடையாது அக்கா. தாழ்ப்பாள் கிடையாது. அங்கே இவளுக்கு வாசலில் யார் நிற்பார்கள்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கமும், அவருடைய முழங்காலுக்கு என் அனுதாபமும். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். போன தடவை என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து ஒளித்து வைத்தவன் யாரோ, அவனுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
எப்போதும் ஒரு கண் திறந்தே தூங்கும்
உன் தம்பி.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடுமுன் கடைசியாக ஒரு சாட்சியம் சேர்க்கலாம் என்று, அவள் அறைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் படத்தை முதலிலிருந்து பார்த்தேன். கயிறு மக்காதது தப்புதான். ஆனால் அந்தக் கல் கதவு திறந்தபோது நானும் வாயில் கையை வைத்துக்கொண்டேனாம், மகள் சொன்னாள். நல்லா இருக்கிறது அக்கா. அன்றைக்கே அவளிடம் போய்வா என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. பார்க் விஷயத்திலும் உன்னை விடுதலை செய்கிறேன். அதே படத்தின் இரண்டாம் பாகம் இருக்கிறதாம், சனிக்கிழமை வா, தனியாகப் பார்த்தால் என் மனைவி என்னைச் சந்தேகப்படுகிறாள்.

இன்று காலைதான் மகள் கிளம்பினாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்று பையைத் திறந்து காட்டினாள். துணிமணி, டார்ச், மண்ணைத் துடைக்கிற சின்னப் பிரஷ். துண்டை விலக்கினால், அடியில் என் அலமாரி ஆணியில் இருக்க வேண்டிய ‘பாதுகாப்பு’ பேட்ஜ். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருக்கிறாள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துண்டை இழுத்து அதன்மேல் மூடிவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு, போகலாம்” என்றேன்.