எடுக்காத பொட்டலம்

மலாயாவில், காஹாங் பக்கத்தில் ஆறு அடித்துக்கொண்டு போன பாலத்தை வெறும் மரக்கட்டையால் திரும்பக் கட்டியவன் நான். ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே எங்கள் ரப்பர் எஸ்டேட் முனியாண்டிக்குத் தகரக் கூரை போட்டவனும் நான். மளிகைக் கடை, ஒன்றுக்கு மூன்றாக. படிப்பு இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மழை. ஆனால் ஜோகூர் முழுக்கத் தேடினாலும், எங்கள் தண்ணீர்வண்டிக்காரரைப் போல் சாமியைத் தொந்தரவு செய்த மனுஷன் கிடைக்கமாட்டான். அதில் மட்டும் நான் போட்டிக்கு வரவில்லை.

மாட்டுவண்டியில் பீப்பாய் கட்டி, கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் தண்ணீர் ஊற்றுவார். கூடவே ஒரு கேள்வியும் ஊற்றுவார். முனியாண்டி மரத்தடியில் படுத்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்று எஸ்டேட்டே நடுங்கியது. இவர் பட்டப்பகலில் பாயோடு போய்ப் படுத்தார். நாங்கள் தூரத்தில் நின்று பாடைக்கு மூங்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து வந்தார், முதுகெல்லாம் தடிப்பு. "கட்டெறும்புப்பா. சாமி ஒண்ணும் சொல்லல."

சைக்கிளில் வரும் பாதிரியாரையும் விடவில்லை. "ஃபாதர், ஆறு நாள்ல எல்லாத்தையும் படைச்சாரே, கொசுவை எந்த நாள்ல படைச்சாரு?"

பாதிரியார் தன் கன்னத்திலேயே பளாரென்று ஒன்று வைத்தார். "அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்!" அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்.

எங்களுக்குச் சிக்கல் வந்தால் பூக்கட்டிப் பார்ப்போம். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு; கட்டுவது பூசாரி. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் சரி; சிவப்பு வந்தால் கூடாது. மறுபேச்சு கிடையாது.

அப்போது பால்வெட்டும் செல்லம்மா, புல்வெட்டும் அந்தோணியைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அவள் புருஷனை இழந்தவள், அவனோ வேதக்காரன். கங்காணி சொல்லிவிட்டார்: "சாமியைக் கேப்போம். கூடாதுன்னா, அந்தோணி நாளைக்கே வேற எஸ்டேட்டுக்குப் போயிடணும்."

கங்காணி மனைவி எடுத்தாள். சிவப்பு. செல்லம்மா முகத்தில் ரத்தமே இல்லை. அந்தோணி மூட்டை கட்டத் திரும்பினான்.

"இன்னொண்ணையும் பிரிங்க" என்றார் வண்டிக்காரர்.

"எடுக்காததைப் பிரிக்கக் கூடாதுய்யா!" பூசாரி அதை அள்ளி மடியில் செருகப் போனார். அந்தக் கையைப் பிடித்தவன் நான். வண்டிக்காரர் வாங்கிப் பிரித்தார்.

அதுவும் சிவப்பு.

பூசாரிக்கு அழுகை வந்துவிட்டது. "வெள்ளைப்பூச் செடியை ஆடு தின்னு மூணு வருசமாச்சு. நான் எங்க போறது? உள்ள எது இருந்தாலும் சாமி பாத்துக்குவாருன்னு நெனச்சேன்..."

மூன்று வருஷம்! கூட்டம் வெடித்தது.

"அலமாக்! அப்ப நான் சிங்கப்பூர் போகக் கேட்டது?"

"மீசை வைக்கலாமான்னு கேட்டேனேய்யா!"

கடை வைக்கலாமா என்று கேட்டு மூன்று தடவை சிவப்பு வாங்கியவன் நான். சாமி கோபமாக இருக்கிறார் என்று பயந்துதானே தகரக் கூரையே போட்டேன்! பூசாரி கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

கங்காணி தொண்டையைச் செருமினார். "சரி, எங்கேருந்தாவது வெள்ளைப் பூ கொண்டாங்க. மறுபடி கட்டிப் பாப்போம்."

"எதுக்கு?" என்றார் வண்டிக்காரர். "சாமியைக் கேட்டீங்க, பூவைக் கேட்டீங்க. செல்லம்மாவை யாராச்சும் கேட்டீங்களா?"

"நாலு மாசமா சொல்லிக்கிட்டே இருக்கேன் அண்ணே, யாருக்குக் காது கேட்டுச்சு?" செல்லம்மா குனிந்தாள். கீழே கிடந்த இரண்டு சிவப்புப் பூவையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். முதல் குலவை போட்டது கங்காணி மனைவிதான்.

கல்யாணம் முதலில் மாதா கோயிலில், பிறகு முனியாண்டி முன்னால். சாப்பாடு இரண்டு தடவை.

மறுநாளும் வண்டிக்காரர் வழக்கம்போல முனியாண்டிக்குக் கும்பிடு போட்டார். "என்னண்ணே, இன்னும் நம்புறீங்களா?" என்றேன்.

"சாமியை நம்புறேன்பா. பொட்டலம் கட்டுற கையைத்தான் பாத்துக்கணும்."

இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்தவரை மட்டுமே சொல்கிறார்கள். பூசாரி கையைப் பிடித்தது யார்? அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், நான் விடமாட்டேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவர் பேருக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல என் பேரும் இருந்தால் போதும்.