கள்ளிநாட்டு ரத்தப் பரீட்சை

சப்பாத்திக்கள்ளிப் புதர் ஒன்றில், முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே, கள்ளிநாடு என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. குடிகள் எல்லோரும் செதில் பூச்சிகள். மேலே வெள்ளை மாவு, உள்ளே சிவப்புச் சாயம். மடலில் ஒரு தடவை மூக்கை ஊன்றிவிட்டால் போதும், சாகும்வரை அதே இடம்தான். இப்படிப்பட்ட குடிகள் எந்த அரசருக்குக் கசக்கும்?

ஒருநாள் வண்டு மகாராஜா ஆணை போட்டார். மாவுக்குள் அந்நியர்கள் ஒளிந்திருக்கிறார்களாம். உள்ளே சிவப்பு என்று நிரூபித்தவர்களுக்கே இனி ஓட்டு.

குட்டிப்பூச்சி செவந்திக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு இதுதான் முதல் ஓட்டு. இன்னும் மூக்குகூட ஊன்றாதவள், அம்மாவை ஒட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்து நின்றாள்.

கட்டெறும்பு அதிகாரி கூழாங்கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். மகாராஜாவின் சின்னம் வரைந்த ஓட்டுத் துணியை அம்மாவின் மேல் போர்த்தினார். கல்லை ஏற்றினார். பொசுக்கென்று ஒரு சத்தம். துணியில், சரியாகச் சின்னத்தின் மேல், சிவப்புப் பொட்டு.

"தேர்ச்சி! அம்மையாரின் வாக்கும் பதிவாகிவிட்டது. வாழ்த்துகள்."

"ஐயா, எங்கம்மா எங்கய்யா?"

"அவர் குடிமகள்தானா என்று பார்ப்பது எங்கள் துறை. இருக்கிறாரா என்று பார்ப்பது வேறு துறை, குழந்தாய்."

"மகாராஜாவுக்கு மட்டும் பரீட்சை கிடையாதா?" என்று செவந்தி அழுதுகொண்டே கத்தினாள்.

"அவருக்கு எதற்கு? சட்டையே சிவப்பாயிற்றே!"

ஈரம் காயாத ஓட்டுத் துணிகள் அவள் கண்முன்னே அரண்மனைத் தையற்காரரிடம் போய்க்கொண்டிருந்தன.

"அடுத்து நீ. மூக்கை ஊன்றி, அசையாமல் நில்."

"அட போய்யா, நீயும் உன் ஓட்டும்!" செவந்தி மடலிலிருந்து பிடியை விட்டாள். காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கள்ளியில் போட்டது. அங்கே பருத்த பூச்சி ஒருத்தி நிம்மதியாகச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க ராசா எப்படி?"

"தங்கமானவரு தாயி. நம்மள மாதிரியே வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டுச் சிவப்பு பாக்க முடியாது."

செவந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவை நினைத்து ஒருமூச்சு அழுது தீர்த்தாள். பிறகு நல்ல சதைப்பற்றான இடமாகப் பார்த்து மூக்கை ஆழ ஊன்றினாள்.

"நல்ல நேரத்துலதான் வந்திருக்க," என்றாள் அக்கா. "நாளைக்கு இங்க மொதத் தேர்தல்."